நீ ஊற்றிய ஏழு லிட்டர்

கார்த்தி, இதை ஆபீஸில் நின்றுகொண்டே படிக்காதே. அறைக்குப் போய், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் ஹைதராபாத்தில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீயே சிரித்தாய், "என்னப்பா, வானிலை அறிக்கை வாசிக்கிற வேலை கிடைச்சிருக்கா?" என்றாய். உன் அம்மாதான் தீர்ப்பு சொன்னாள். "போன்ல வேண்டாம். போன்ல பேசினா நீங்க 'சரி வெச்சிடவா'ன்னு முடிச்சுடுவீங்க. உக்காந்து எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றாள். பள்ளிக்கூடப் பையனுக்குப் போடுகிற தண்டனை மாதிரி சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்திருக்கிறாள். நடுவில் ஒரு காபி மட்டும் வந்தது.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அப்பன்காரன் கல்யாணத்துக்கு முன்னால் பையனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம்தான். நான் எழுதப்போவது அது இல்லை. நம் கார் ஷெட்டில் பதினாறு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதே, அந்த டிராக்டரைப் பற்றி. அதன் இஞ்சினை யார் கெடுத்தது என்பதைப் பற்றி. நீ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றி வளைத்துக்கொண்டு போனால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். நீ இல்லை, நான்.

ஆவணி மாதம் தி.நகரில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, சம்பந்தி வீட்டில், அவர்களுடைய துணிக்கடைக்கு மேல் மாடியில். கீழே தெருவில் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் இரைகிறது, மேலே வடை தட்டுத் தட்டாக வருகிறது. நந்தினி உன்னிடம் கேட்டாள், "உங்க வீட்டு ஷெட்ல மூடி வெச்சிருக்கீங்களே, அது என்னது?" என்று. அதற்கு நீ என்ன சொன்னாய்? "அதுவா, அது என் சாதனை. பதினேழு வயசுல ஒரு இஞ்சினையே கொன்னவன் நான். அதனால மிக்ஸியைக் கூட என் கையில குடுத்துடாதே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கார்த்தி. வாய் நிறைய வடையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என்னை இந்த மேஜையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினைந்து, பதினாறு வயசு. ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் உருளை இழுத்துக்கொண்டிருந்த கிழட்டு வண்டி. அதற்கு முன்னால் செங்கல்பட்டுப் பக்கம் யாருடைய வயலையோ உழுதிருக்கிறது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை நான் தடுத்து, லாரியில் ஏற்றி, அடையாறு முழுக்க வேடிக்கை பார்க்கக் கொண்டுவந்து இறக்கினேன். கார் வாங்குவோம் என்று கட்டின ஷெட். கார் வரவில்லை, டிராக்டர் வந்தது. உன் அம்மா வாசலில் நின்று, "ரொம்ப நல்லது, இனிமே கொல்லைல ரெண்டு போகம் விளையும்" என்றாள். நம் கொல்லை என்பது ஒரு முருங்கை மரமும் துணி காயப்போடுகிற கொடியும். நீ மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். உப்புக்காற்றில் அரித்துப்போன மட்கார்டைத் தடவிப் பார்த்தாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன்னை நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நாம் இரண்டு பேரும் அதைப் பிரித்தோம், கழுவினோம், தேய்த்தோம். கம்பெனி ஷெட்டில் என் கீழே வேலை செய்த மெக்கானிக்குகளில் யாருக்கும் உனக்கு இருந்த பொறுமை கிடையாது. இதை நான் அப்போது சொன்னதில்லை. போர்மேன் பாராட்டினால் வேலை கெட்டுப்போகும் என்று நினைக்கிற ஜாதி நான். நீ ஒரு நோட்டில் பட்டியல் எழுதினாய், 'செய்ய வேண்டிய மாற்றங்கள்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு வேறு. ஒன்பது மாற்றம். முதலாவது, எண்ணெய் அழுத்தம் காட்டுகிற மீட்டர். வண்டியில் முதலில் இருந்த மீட்டர் எங்கேயோ போய், அந்த ஓட்டையில் ஒரு தகரத்தை வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டாவது, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி. அதுவும் தொலைந்திருந்தது. கடைசி, இடது பக்க மட்கார்டின் மேல் அம்மா உட்கார ஒரு சீட், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு.

நான் அந்த நோட்டை வாங்கிச் சிவப்புப் பேனாவால் ஒன்பதையும் அடித்தேன். அடித்து, பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். வீட்டில் பெற்ற பிள்ளையின் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவன் எவனாவது உண்டா? நீ முதலில் மீட்டருக்கு வாதாடினாய். "அப்பா, உள்ள எண்ணெய் ஓடுதா இல்லையான்னு வெளியில இருந்து எப்படிப்பா தெரியும்?" என்றாய். "முப்பது வருஷமா இஞ்சினைக் காதால கேட்டே சொல்றேன். எனக்கு மீட்டர் எதுக்குடா? பழசு பழசாவே இருக்கணும்" என்றேன். கம்பியையாவது செய்யலாமே என்றாய். இஞ்சின் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

கம்பெனி ஷெட்டில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது, உனக்கும் சொல்லியிருக்கிறேன். காலையில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் துடைக்க ஆறு துண்டு பனியன் வேஸ்ட் கொடுப்போம். இஞ்சினை மூடுவதற்கு முன்னால் ஆறு துண்டையும் என் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். அழுக்காக இருந்தாலும், கிழிந்திருந்தாலும், ஆறு. ஐந்துதான் இருக்கிறது என்றால் மறுபடி பிரித்துத் தேட வேண்டும். ஏனென்றால் உள்ளே மறந்துவிட்ட ஒரு துண்டுத் துணி போதும், எண்ணெய் வழியை அடைத்து இஞ்சினையே தின்றுவிடும். அப்படி ஒரு துண்டை கியர்பாக்ஸில் விட்ட ஒருவனை மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். அவன் கெஞ்சினான். நான் மசியவில்லை. அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன், நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் நீயும் அம்மாவும் வேலூரில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் போனீர்கள். நான் வண்டியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லித் தங்கிவிட்டேன். இஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருந்தேன். அதன் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் கிடைக்க இரண்டு நாள் ஆகும். திறந்த இஞ்சினுக்குள் பல்லி விழும், தூசி விழும். அடைத்து வைக்கத் துணி வேண்டும். பனியன் வேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில், பாத்திரக்காரனுக்குப் போடலாம் என்று அம்மா மடித்து வைத்திருந்த மாம்பழக் கலர் வாயில் புடவை. அதை எடுத்து நாலாகக் கிழித்தேன். எண்ணவில்லை. சொந்த வீடு, சொந்த ஷெட், போர்மேனும் நான், மெக்கானிக்கும் நான். யார் முன்னால் விரித்துக் காட்டுவது? அம்மா திரும்பி வந்து, "வீட்டுல உங்களுக்கு வேற துணியே கிடைக்கலையா?" என்று ஒரு பாட்டம் திட்டினாள். கிழிந்ததற்குத்தான் திட்டு விழுந்ததே தவிர, எத்தனை துண்டு திரும்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கிற நாள். எண்ணெய் ஊற்றுகிற வேலையை உனக்குக் கொடுத்தேன். நான் ராகுகாலம் முடியட்டும் என்று சொன்ன அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து, "முழுசா ஊத்திட்டேன்பா" என்றாய். எதிர் வீட்டு ராமநாதன் மாமா வாசலுக்கு வந்துவிட்டார், தெருவில் பத்துப் பேர், சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர். இஞ்சின் பிடித்தது. புகை வானத்துக்குப் போனது. நீ என் கையைப் பிடித்தாய், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து நிமிஷம் ஓடியிருக்குமா? இஞ்சின் ஒரு முக்கு முக்கியது, உள்ளே ஏதோ கடகடத்தது, அப்படியே நின்றது. ஜாம். அதற்கப்புறம் அது அசையவே இல்லை.

காதால் கேட்டே சொல்லுகிறவனுக்கு எண்ணெய் போகவில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது. திரும்பினேன். மூலையில் ஒரு எண்ணெய் டப்பா, சீல் உடைக்காமல் நின்றது. அவ்வளவுதான். "இதோ நிக்குதே! ஊத்தாமலே ஊத்திட்டேன்னு வந்து சொல்றியா? ஒரு வேலையை ஒழுங்கா முடிக்கத் தெரியுமா உனக்கு? உன் கையில மெஷினைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். நீ, "ஊத்தினேன்பா, சத்தியமா ஊத்தினேன்பா" என்றாய். எவ்வளவு சொன்னாய்! நான் கேட்கவில்லை. அளவு பார்க்கக் கம்பி இருந்திருந்தால் உருவிப் பார்த்திருக்கலாம். கம்பி இல்லை, ஏனென்றால் அது தேவையில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மீட்டர் இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே முள் எழும்பாததைப் பார்த்து இஞ்சினை நிறுத்தியிருப்பாய். அதுவும் தேவையில்லை. அந்த மூலையில் நின்ற டப்பா, முந்தின வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று நானே கூடுதலாக வாங்கி வைத்துவிட்டு மறந்துபோனது.

இதுவரை எழுதியது நான் செய்த தவறு. இனிமேல் எழுதப்போவது துரோகம். எட்டு நாள் கழித்து, நீ வீட்டில் இல்லாத நேரம், நான் ஷெட்டுக்குப் போய் அடியில் இருக்கிற போல்ட்டைத் திறந்தேன். துணி துவைக்கிற பேசினைக் கீழே வைத்திருந்தேன். எண்ணெய் வந்தது, கார்த்தி. வந்துகொண்டே இருந்தது. பேசின் நிரம்பி, ஓடிப்போய் வாளியை எடுத்துவந்து வைத்தேன். ஏழு லிட்டர், புது எண்ணெய், நீ ஊற்றியது அப்படியே முழுசாக இருந்தது. நீ பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் ஏன் மேலே ஏறவில்லை என்று மட்டும்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. திறந்தால் உள்ளே என் கை வேலைதான் ஏதாவது இருக்கும் என்று எனக்குப் பயம். போல்ட்டை மூடினேன், தார்ப்பாயைப் போர்த்தினேன்.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றினாய். ஷெட் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்தாய். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ தலையாட்டினாய். அதோடு பதினாறு வருஷம் ஓடிவிட்டது. மெக்கானிக்கல் இஞ்சினியரிங் என்று பத்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் போட்டாய். ஏன் என்று அம்மா கேட்டாள், நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாய், நல்ல பெயர் வாங்கியிருக்கிறாய், எல்லாம் சரி. ஆனால் இங்கே வந்தால் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறாய். பூட்டின கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறாய். "தாத்தா புத்தி அப்படியே வந்திருக்கு" என்று நான் உறவுக்காரர்களிடம் கிண்டல் பண்ணியிருக்கிறேன். பாவி, செத்துப்போன மனுஷன் மேல் பழியைப் போட்டேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த மறுநாள் காலை தார்ப்பாயை இழுத்தேன். உன் அம்மா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தத் தார்ப்பாய் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பாளே, பதினாறு பொட்டும் மங்கலாகத் தெரிந்தன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சேகரை வரச் சொன்னேன். கூவத்துப் பக்கம் லேத் வைத்திருக்கிறவன், கம்பெனி ஷெட் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். என் இடது முட்டி இப்போதெல்லாம் மடங்குவதில்லை, படுத்து வேலை செய்ய அவன்தான் வேண்டும். அவன் வண்டிக்கு அடியில் போய் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினான். அப்புறம் அடியிலிருந்தே கேட்டான், "இன்னா சார் இது, இஞ்சின் வயித்துல துணி கீது!"

எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் ஒரு துணி, கன்னங்கரேலென்று, இறுக்கிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. சேகர் அதைப் பிய்த்து எடுத்து மண்ணெண்ணெயில் அலசினான். ஓரத்தில் மாம்பழக் கலர் தெரிந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். உன் கதை அவனுக்குத் தெரியும், நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். "சார், இத்த சாக்கடைல போட்டுட்டா ஆருக்குத் தெரியப்போவுது? நான் வாயத் தொறக்க மாட்டேன். கல்யாண நேரத்துல இன்னாத்துக்கு?" என்றான். நல்லவன், எனக்காகத்தான் சொன்னான். ஒரு நிமிஷம் எனக்கும் அது சரி என்று பட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். துணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எறியவும் இல்லை, சொல்லவும் இல்லை, நாலு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் அம்மா துவைக்க எடுத்த சட்டையில் அது அகப்பட்டது. கையில் விரித்துக்கொண்டு வந்து நின்றாள். "இது என் மாம்பழக் கலர் புடவை. இது எங்கே இருந்துது?" என்றாள். சொன்னேன். துணி இருந்த இடத்தைச் சொன்னேன், பேசினில் வழிந்த ஏழு லிட்டரையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். "நீங்க திட்டின அன்னிக்கு ராத்திரி அவன் என் மடியில படுத்துக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா உங்களுக்கு? 'அம்மா, நான் நிஜமா ஊத்தினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா'ன்னான். ஊத்தின பையனுக்கு ஊத்தலையோன்னு சந்தேகம் வர வெச்சீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வந்தது, டம்ளர் டங்கென்று விழுந்தது.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது, கார்த்தி. நான் உன்னைத் திட்டினேன், அது ஆறிவிடும் என்று இத்தனை வருஷம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். எந்த அப்பன் திட்டவில்லை? ஆனால் உன் கை செய்ததையும் உன் கண் பார்த்ததையும் நீயே நம்ப முடியாமல் செய்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டரை மூன்று தடவை தொடுகிறபோதெல்லாம் நீ அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை நான் என் வாழ்க்கையில் யாருக்கும் எழுதியதில்லை, அதனால் எப்படி எழுத வேண்டும் என்று தெரியவில்லை. மன்னித்துவிடப்பா.

தெரு முழுக்கக் கேட்கத் திட்டினவன் தெரு முழுக்கக் கேட்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ராமநாதன் மாமா வீட்டுக்குப் போனேன். எண்பத்து மூன்று வயசு, காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கதையும் உரக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ அவனைத் திட்டினதா? எனக்கு ஞாபகமே இல்லையே. நீ விட்ட புகைல எங்காத்துல மொட்டை மாடில காயப்போட்டிருந்த வடாம் அத்தனையும் கருப்பாயிடுத்து, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். அன்றைக்கு இருந்த இன்னும் இரண்டு பேரைப் பிடித்துச் சொன்னேன். அவர்களுக்கும் நினைவில்லை. யார் முன்னால் என் மானம் போய்விடும் என்று பயந்து பதினாறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனோ, அந்த ஜனங்கள் அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கிறார்கள். இந்த ஊரில் அதை நினைவு வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். நான் காப்பாற்றிய மானம் யாருக்கும் வேண்டாத மானம்.

அப்பன் என்ற முறையில் கல்யாணத்துக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்லுவேன். வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் யார் கை பட்டது என்று முதலில் தேடாதே. நந்தினி 'செய்துவிட்டேன்' என்றால், செய்துவிட்டாள் என்று வைத்துக்கொள். அவள் நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புப் பேனாவை எடுக்காதே, அது உன் வீட்டில் இருக்கவே வேண்டாம். தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடு. செருப்பைக் கழற்றுகிற நேரம் போதும் அதற்கு. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். நிச்சயதார்த்தத்தில் அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான். சம்பந்திக்கும் காட்டு, அவர் இன்னொரு தடவை வயிறு குலுங்கச் சிரிக்கட்டும், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

வண்டிக்கு வருகிறேன். அம்மா அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள், தன் புடவைகளுக்கு அடியில். எடுத்து மேஜையில் போட்டு, "ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க" என்றாள். ஒரு மாதமாக நானும் சேகரும் அதைத்தான் செய்கிறோம். ஜாமான கிராங்க் தண்டைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுபோய்த் தீட்டினோம். பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பனியன் வேஸ்டைச் சேகர் என் முன்னால் விரித்துக் காட்டுவான், என் பங்கை நான் அவன் முன்னால் விரித்துக் காட்டுவேன். முதல் நாள் அவன் கூச்சப்பட்டு, "அய்ய, நீ போய் எனக்குக் காட்டறியே சார்" என்றான். இப்போது ஒரு துண்டு குறைந்தால் அதட்டுகிறான். அளவு பார்க்கிற கம்பி செய்து போட்டாயிற்று. பட்டியலில் ஒன்பதும் முடிந்தது. பத்தாவதாக ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன். என் இடது முட்டிக்குக் கிளட்ச் மிதிக்க வராது, அதனால் கையால் இழுக்கிற மாதிரி ஒரு நெம்புகோல். பழசு பழசாவே இருக்கணும் என்று சொன்னவனுக்குக் காலே பழசாகிவிட்டது. அந்த மாற்றத்துக்கு நீதான் கையெழுத்துப் போட வேண்டும், கட்டம் போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

மட்கார்டு மேல் சீட் வந்துவிட்டது. அம்மா ஏறி உட்கார்ந்து பார்த்து, கைப்பிடி இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்றாள், உயர்த்தினோம். வண்டி ரோட்டுக்கெல்லாம் போகாது. ஷெட்டிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து ஷெட் வரை, அவ்வளவுதான் அதன் ஊர்வலம். நந்தினி வந்தால் அவளுக்கும் அந்த சீட்தான், மாமியாரோடு முறை வைத்துக்கொள்ளட்டும். தகரம் அடைத்திருந்த ஓட்டையில் மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. முள் பூஜ்யத்தில் நிற்கிறது, ஏனென்றால் இஞ்சினில் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. சேகர் ஊற்றப் போனான், நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு நீ வருகிறாய். அம்மா இந்த வருஷம் சந்தனத்தைத் தார்ப்பாய் மேல் வைக்க மாட்டாள், வண்டி மேலேயே வைப்பாள். ஏழு லிட்டர் எண்ணெய் வாங்கி, சீல் உடைக்காமல், அதே மூலையில் வைத்திருக்கிறேன். கூடுதலாக ஒரு டப்பாவும் வாங்கவில்லை. நீ ஊற்று. நான் ஷெட்டுக்குள் வர மாட்டேன், வாசலில் ராமநாதன் மாமாவோடு நிற்கிறேன், வடாத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. ஊற்றி முடித்ததும் வந்து, அன்றைக்குச் சொன்னாயே, அதையே சொல். அளவுக் கம்பி இருக்கிறது, ஆனால் நான் அதை உருவிப் பார்க்க மாட்டேன். நீயும் பார்க்க வேண்டாம். "ஊத்திட்டேன்பா" என்று நீ சொன்னால், நான் வந்து சாவியைத் திருப்புவேன்.

அப்பா